புயோலுக்கு என்னதான் தெரியும்?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். கால்பந்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஓர் இளைஞர் கேட்டது: "கார்லெஸ் புயோலின் பழைய ஆட்டத் துணுக்குகளைப் பார்த்தேன். வேகம் சுமார், உயரம் குறைவு, பந்தை நளினமாகக் கடத்தவும் வரவில்லை. முடியும் மூர்க்கமும்தான் கண்ணில் படுகின்றன. மனஉறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டா இவர் பார்சிலோனாவுக்குப் பத்தாண்டுகள் கேப்டனாக இருந்தார்? எந்த ஆட்டத்தைப் பார்த்தால் இவர் அருமை புரியும்?"

இப்படிக் கேட்டதில் அவர்மேல் குற்றமே இல்லை. புயோலைப் புகழ்கிறவர்கள்தான் அவரைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். இதயத்தால் ஆடினார், சிங்கம் போல நின்றார், ரத்தம் வழிய வழிய விளையாடினார் என்று சொல்லிச் சொல்லி, ஆட்டம் தெரியாத ஒரு முரடர் வெறும் வீம்பினால் மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளையும் ஓர் உலகக் கோப்பையையும் வாங்கிவிட்டார் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டார்கள். என் கட்சி வேறு. புயோலின் முதல் திறமை கவனம். இரண்டாவது, புது வேலையைக் கற்றுக்கொள்ளும் புத்தி. வீரமெல்லாம் அதற்கப்புறம்.

உயரம் குறைவு என்பது சரிதான். 178 சென்டிமீட்டர், கோலுக்கு நேர் முன்னால் நின்று தலையால் பந்தை விரட்ட வேண்டிய சென்டர் பேக்குக்கு இது குட்டை உருவம். நளினம் இல்லை என்பதும் சரி. வேகம் சுமார் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாண்டிப் போய்விட்ட எதிரணி வீரரைத் திரும்பி ஓடிப் பிடிக்கும் ஓட்டம் ஒன்று உண்டு. அதில் அவர் காலத்தில் அவரைவிட நம்பகமானவர்கள் மிகச் சிலர். துணுக்குகளில் அது தெரியாது, ஏனென்றால் ஓடிப் பிடித்த பிறகு அங்கே எதுவுமே நடப்பதில்லை. நடக்காமல் போன கோலைத் தொகுப்பில் யார் சேர்ப்பார்கள்?

நளினம் ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புயோல் பிறந்தது 1978 ஏப்ரல் 13 அன்று, கத்தலோனியாவில் பிரனீஸ் மலைகளின் அடிவாரத்திலுள்ள லா போப்லா டி செகுர் என்ற சிற்றூரில். பள்ளி நாட்களில் அவர் கோல்கீப்பர். தோளில் தொந்தரவு வந்ததால் அதை விட்டு முன்களத்துக்குப் போனார், கோல் அடித்தார். பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவுக்கு 1995இல் வந்தபோது அவருக்கு வயது 17. பின்னாளில் அவரோடு பார்சிலோனாவில் ஆடிய சாவி அங்கே சேர்ந்தது 11 வயதில், இனியெஸ்டா 12 வயதில், மெஸ்ஸி 13 வயதில். அந்தப் பள்ளியின் பாடமே பந்தை முதல் தொடுதலில் அடக்கி இரண்டாவதில் அனுப்புவதுதான். கால் வளைந்துகொடுக்கும் வயதில் ஊட்டினால்தான் அது உடம்பில் ஏறும். புயோல் அந்த வகுப்புகளுக்கெல்லாம் வராமல் நேரே மேல்வகுப்பில் வந்து உட்கார்ந்த பையன். (சேவி, ஹாவி என்றெல்லாம் எழுதுகிறார்கள், கத்தலான் உச்சரிப்பு ஏறக்குறைய சாவிதான். நமக்கும் அது பொருத்தமான பெயர். அவர் திறந்துகொண்டே இருந்தார், நண்பர் புயோல் பூட்டிக்கொண்டே இருந்தார்.)

லா மாசியாவில் முதலில் தடுப்பு சார்ந்த நடுக்கள ஆட்டக்காரராக நிறுத்தினார்கள். 1997இல் பார்சிலோனாவின் இரண்டாம் அணிக்கு வந்ததும் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். பிற்பாடு சென்டர் பேக். ஆக கோல்கீப்பர், முன்களம், நடுக்களம், வலப்பக்கம், கோலுக்கு நேர் முன்னால் என்று மைதானத்தின் ஐந்து வேலைகளை ஒரே ஆள் செய்து பார்த்திருக்கிறார். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்கீப்பராக இருந்தவனுக்குப் பந்து எந்தக் கோணத்தில் வந்தால் ஆபத்து என்று தெரியும். முன்களத்தில் ஆடியவனுக்குத் தடுப்பாட்டக்காரனின் கண் எப்போது அசரும் என்று தெரியும். திருடனாக இருந்து பார்த்த காவல்காரன் மாதிரி.

1998இல் மலாகா அணி அவரை விலைக்குக் கேட்டது. கிளப் விற்கத் தயாராக இருந்தது. இவர் போக மறுத்துவிட்டார். கூடப் படித்த சாவி முதல் அணியில் ஆடத் தொடங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, தானும் அங்கே போய்ச் சேராமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். 1999 அக்டோபர் 2 அன்று வயாடோலிட் அணிக்கு எதிராக, பயிற்சியாளர் லூயி வான் கால் அவரை இறக்கினார். முடியைப் பார்த்துவிட்டு "வெட்டிக்கொள்ளக் காசில்லையா?" என்று வான் கால் கேட்டதாக ஒரு கதை உண்டு. முடி இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு லூயிஸ் ஃபிகோ பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். அந்தத் துரோகத்தை அந்நகரம் எப்படி எடுத்துக்கொண்டது என்று தனியாகவே எழுதலாம். 2000 அக்டோபர் 21 அன்று ஃபிகோ மாட்ரிட் சட்டையோடு காம்ப் நோவ் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். அவரை ஒட்டியே நிற்கும் வேலை 22 வயது புயோலுக்குத் தரப்பட்டது. ஃபிகோ போன்ற ஆட்டக்காரரைத் தடுக்க அவரிடமிருந்து பந்தைப் பறிக்கவேண்டும் என்பதில்லை. பந்தை வாங்கிக்கொண்டு அவர் கோல் பக்கம் திரும்ப விடாமல் செய்தால் போதும், பாதி வேலை முடிந்தது. அன்று அதுதான் நடந்தது. பார்சிலோனா 2-0 என்று வென்றது. கூட்டத்தின் கூச்சல்தான் ஃபிகோவைச் சாய்த்தது என்று பலர் சொல்வார்கள். கூச்சலும் இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடும் ஆள் வேறு கணக்கு.

மார்பில் பதித்திருந்த கிளப் சின்னத்தால் பந்தைத் தடுத்த கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2002 அக்டோபர், சாம்பியன்ஸ் லீக், லோகோமோட்டிவ் மாஸ்கோ அணி. கோல்கீப்பர் பொனானோ வெளியே வந்து மாட்டிக்கொண்டார், கோல் காலி. மாஸ்கோ அணியின் ஒபியோரா உதைத்த பந்து புயோலின் மார்பில் பட்டுத் திரும்பியது. அடிபட்ட இடம் இதயத்தின் மேலிருந்த சின்னம். புகைப்படக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது வேறு. உதை விழும்போது அவர் அங்கே எப்படி இருந்தார் என்று பாருங்கள். கோல்கீப்பர் இடத்தை விட்டு நகர்ந்தவுடனேயே, பந்து யாரிடம் போகும் என்று காத்திருக்காமல், கோலைக் காக்க ஓடிவிட்டார். மார்பைக் கொடுத்தது தைரியம்தான். முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்தது மூளை.

இன்னொன்றை ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். புயோல் நுழைந்த பிறகு முதல் ஐந்து பருவங்களில் பார்சிலோனா ஒரு கோப்பைகூட வெல்லவில்லை. பயிற்சியாளர்கள் மாறினார்கள், தலைவர்கள் மாறினார்கள், கடன் ஏறியது. 2004இல் லூயிஸ் என்ரிக்கே ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை இவர் கைக்கு வந்தது. முதல் லீக் பட்டம் 2005இல், அடுத்தது 2006இல். அதே 2006 மே 17 அன்று பாரிஸில் ஆர்செனலை 2-1 என்று வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக். வெற்றியிலேயே வளர்ந்த கேப்டன் அல்ல இவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். 2008இல் பெப் கார்டியோலா பயிற்சியாளரானார். அந்த அணியை உலகமே வியந்தது பந்தை வைத்து ஆடியதற்காக. அப்படி ஆடுவதற்கு ஒரு விலை உண்டு. எல்லோரும் முன்னே ஏறிவிடுவார்கள். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் டானி ஆல்வெஸ் பாதி நேரம் எதிரணியின் கோலருகே இருப்பார். பின்னால் மிஞ்சும் இருவர், புயோலும் ஜெரார்ட் பிக்கேயும், நடுக்கோட்டை ஒட்டி நிற்பார்கள். அவர்களுக்கும் சொந்தக் கோலுக்கும் நடுவில் ஏறக்குறைய பாதி மைதானம் வெறும் புல். எதிரணிக்கு ஒரே ஒரு நல்ல நீண்ட உதை கிடைத்தால் போதும், கதை முடிந்தது.

அந்த வெற்றுப் புல்லைக் காப்பதுதான் புயோலின் உத்தியோகம். பந்து புறப்பட்ட பிறகு ஓடத் தொடங்கினால் தாமதம். உதைக்கப்போகிறவர் தலையை நிமிர்த்துவதைப் பார்த்தே இரண்டடி பின்வாங்கியிருக்க வேண்டும். அதே சமயம் ஆஃப்சைடு கோடு (தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று எதிரணியினர் பந்து வாங்கக் கூடாது என்பது விதி) உடையாமல் மற்ற மூவரும் தன்னோடு சேர்ந்து நகர்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரு நொடி தூங்கினால் நான்கு பேரின் உழைப்பும் வீண். இந்த வேலை தொண்ணூறு நிமிடத்தில் பத்து முறையோ பன்னிரண்டு முறையோ வரும். மீதி நேரமெல்லாம் சும்மா நிற்பது போலத் தெரியும். சும்மா நிற்கும்போது கவனம் சிதறாமல் இருப்பதுதான் கடினம். இரவுக் காவல் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிக்கேக்கு அதுதான் கஷ்டம். அவர் அழகான ஆட்டக்காரர். உயரம், பார்வை, பந்தை அனுப்பும் கலை என்று புயோலிடம் இல்லாத எல்லாம் இருந்தது, ஆனால் அணி முன்னிலையில் இருந்தால் மனம் எங்கேயோ போய்விடும். பிக்கேயே சொல்லும் கதை இது: ஆட்டம் முடிய சில நிமிடங்கள், அணி பல கோல்கள் முன்னிலை, பந்து எங்கோ தூரத்தில். பக்கத்தில் புயோல் பெயர் சொல்லிக் கத்துகிறார். என்ன என்று திரும்பினால், "கவனம்!" அவ்வளவுதான், வேறு சேதி இல்லை. இதைச் சிரிப்பதற்காகச் சொல்வார்கள். நான் இதைத்தான் புயோலின் ஆட்டத்தின் சாரம் என்பேன். தன் கவனத்தைப் பக்கத்து ஆளுக்கும் கடன் கொடுத்தார்.

சாவியும் இனியெஸ்டாவும் மெஸ்ஸியும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஆடினார்கள் என்றால், பின்னால் யார் நிற்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அணியின் அழகுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்பது, மாடியின் அழகுக்கும் அஸ்திவாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பது போல.

2009 மே 27, ரோம், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். தடுப்பாட்டக்காரர்களில் ஆல்வெஸுக்கும் அபிடாலுக்கும் தடை, மார்க்கேஸுக்குக் காயம். புயோலை மறுபடி பழைய ரைட் பேக் இடத்துக்கு அனுப்பினார் கார்டியோலா. நடுக்கள ஆட்டக்காரரான யாயா டூரே பிக்கேயோடு நின்றார். கேப்டன் முகம் சுளிக்காமல் போய் நின்றார். பார்சிலோனா 2-0. அந்தப் பருவத்தில் லீக், ஸ்பானிய மன்னர் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் அவர்களுக்கே.

கேப்டனாக அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை சின்ன விஷயங்கள். மாட்ரிட்டுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து வந்து விழுந்த சிகரெட் லைட்டரை எடுத்து நடுவரிடம் காட்டப் போனார் பிக்கே. புயோல் அதைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, போய் ஆடு என்று கையைக் காட்டினார். 2012 ஏப்ரலில் ராயோ வயெகானோவை 7-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் ஆல்வெஸும் தியாகோவும் கோலுக்குப் பின் நடனமாடத் தொடங்க, இவர் ஓடிவந்து இருவரையும் விலக்கி, தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் முன்னால் இதெல்லாம் வேண்டாம் என்று நிறுத்தினார். எனக்கே அது கொஞ்சம் கண்டிப்பான தலைமையாசிரியர்த்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் சொன்னதை அந்த இருவரும் கேட்டார்கள், அதைக் கவனியுங்கள்.

2011 மே 28, வெம்ப்லி. மறுபடி மான்செஸ்டர் யுனைடெட், 3-1. முழங்கால் வலியிலிருந்து மீண்டு வந்திருந்த புயோல் 88ஆவது நிமிடத்தில்தான் உள்ளே வந்தார். பட்டையை வாங்கிக்கொண்டார். கோப்பை வாங்கும் நேரம் வந்தபோது அந்தப் பட்டையைக் கழற்றி எரிக் அபிடாலின் கையில் கட்டிவிட்டார். கல்லீரல் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு இரண்டரை மாதம்கூட ஆகாத அபிடால், அன்று முழு ஆட்டமும் ஆடியிருந்தார். கோப்பையை முதலில் உயர்த்தியவரும் அவர்தான்.

ஸ்பெயின் அணிக்கு 2000 நவம்பரில் நெதர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். 2013 பிப்ரவரியில் உருகுவேக்கு எதிரான ஆட்டம் நூறாவது, அதுவே கடைசி. கோல்கள் மூன்றே மூன்று. அதில் ஒன்று டர்பனில் அடித்தது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2010 ஜூலை 7, உலகக் கோப்பை அரையிறுதி, எதிரில் ஜெர்மனி. இங்கிலாந்துக்கு நான்கு, அர்ஜென்டினாவுக்கு நான்கு என்று போட்டுவிட்டு வந்த அணி. 73ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. ஸ்பெயினுக்கு ஒரு கார்னர், சாவி பந்தை வைக்கிறார். பெனால்டி பெட்டிக்குள் உயரமான ஆட்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். புயோல் அந்த நெரிசலில் இல்லை, பெட்டியின் விளிம்பில் வெளியே நிற்கிறார். குட்டையான ஆள் நின்ற இடத்திலிருந்து எம்பினால் நெட்டையனிடம் தோற்பான். பத்து மீட்டர் ஓடிவந்து எம்பினால் கணக்கு மாறிவிடும். சாவி உதைக்கிறார். பந்து ஆளை நோக்கி வரவில்லை, ஆள் வரப்போகும் இடத்தை நோக்கி வருகிறது. பிக்கேயும் அதே பந்துக்கு எம்புகிறார். அவர் தோளுக்கு மேலாகப் புயோலின் முடி மட்டும் முதலில் தெரிகிறது, அப்புறம் நெற்றி. கூடவே ஓடிவர வேண்டிய ஜெர்மானியர் யாரும் வரவில்லை. கோல்கீப்பர் மானுவேல் நோயர் கையை நீட்டுவதற்குள் வலை. முந்தைய ஆண்டு மாட்ரிட்டில் ரியலுக்கு எதிராகச் சாவியின் ஃப்ரீ கிக்கில் அடித்ததும் ஏறக்குறைய இதே ஓட்டம்தான். பதினைந்து ஆண்டுகள் ஒன்றாகப் பழகிய இருவரின் ஒப்பந்தம் அது. இதையும் இதயம் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

(ஆட்டம் முடிந்து வாழ்த்துச் சொல்ல ராணி சோஃபியா உடைமாற்றும் அறைக்குள் வந்தபோது புயோல் இடுப்பில் துண்டோடு நின்றார். அரசவைக் கால்பந்து வரலாற்றில் அது ஓர் அத்தியாயம்.)

குறையே இல்லாதவர் அல்ல. 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக அவர் தியரி ஹென்றியின் ஓட்டத்தை மறித்ததற்குக் கொடுத்த ஃப்ரீ கிக்கில்தான் வியெராவின் கோல் வந்தது, ஸ்பெயின் வெளியேறியது. ஹென்றி நடித்தார் என்பது என் கருத்து. ஆனாலும் அந்த இடத்தில் அப்படி மறித்திருக்க வேண்டியதில்லை. 2010 இறுதி ஆட்டத்தில், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் அவரைத் தாண்டி ஓடினார். புயோல் இழுத்துப் பிடித்துப் பார்த்தார். ராபன் விழுந்திருந்தால் இவருக்கு அட்டை உறுதி. விழாமல் ஓடினார், ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸ் பாய்ந்து பந்தை எடுத்துக்கொண்டார். நூலிழை. 116ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா கோல் அடிக்க, ஸ்பெயின் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்றது.

இப்படி ஆடினால் உடம்பு தாங்காது. தாங்கவில்லை. முழங்கால் காயத்தால் 2012 யூரோ போட்டியைத் தவறவிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக ஒரு கார்னருக்கு எம்பி, கீழே விழுந்தபோது இடது முழங்கை மூட்டு விலகி, கை தவறான பக்கம் மடிந்தது. சக வீரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வலது முழங்காலில் மறுபடி அறுவை சிகிச்சை. 2014 மார்ச் 2 அன்று அல்மேரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். இரண்டு நாள் கழித்து, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தும், பருவ முடிவில் விலகுவதாக அறிவித்தார். பார்சிலோனாவுக்கு 593 அதிகாரபூர்வ ஆட்டங்கள், ஆறு லீக் பட்டங்கள். வேறு எந்தக் கிளப்பின் சட்டையையும் அவர் போடவில்லை.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். 2009 மே 2, மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானம், ரியல் 2, பார்சிலோனா 6. கோல் தொகுப்பு வேண்டாம், முழு ஆட்டமாகத் தேடி எடுங்கள். 14ஆவது நிமிடத்தில் ஹிகுவாயின் அடித்து மாட்ரிட் முந்திக்கொள்ளும். ஹென்றி சமன் செய்வார் (அதே ஹென்றிதான், இப்போது இவர் அணியில்). 20ஆவது நிமிடத்தில் புயோல் தலையால் அடித்துவிட்டு, கத்தலோனியக் கொடி நிறத்திலிருந்த கேப்டன் பட்டைக்கு முத்தம் கொடுப்பார். அதைப் பார்த்து ரசித்துவிட்டு, அதற்கப்புறம் பந்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். மெஸ்ஸி பந்தோடு போகும்போது திரையின் மறு ஓரத்தில் 5ஆம் எண்ணைத் தேடுங்கள். பல நேரம் கேமராவுக்குள் வரமாட்டார். வரும்போதெல்லாம் ஹிகுவாயினுக்கு இரண்டடி பின்னால் நின்றபடி, கையை நீட்டி, பக்கத்தில் நிற்கும் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்.